பகடை உருட்டி ஒரு நினைவு நாள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து மூணு நாளா உட்கார்ந்து எழுதினது. அவசரத்துல படிக்காதீங்க, ஒரு தே ஓ கலக்கி வச்சிக்கிட்டு சாவகாசமா படிங்க.

போன வாரம் என் முகநூல்ல ஒரு படம் போட்டிருந்தேன். எங்க வீட்டு கார் போர்ச், ஒரு மடக்கு மேசை, சுத்தி நம்ம ஆலய இளைஞர் பிரிவுப் பசங்க ஆறு பேர். மேசை ஓரத்துல கண்ணாடி போட்ட, தாடி வச்ச ஒரு வெள்ளைக்காரர் படம். அதைப் பார்த்துட்டு புலனத்துல ஒரே கேள்வி. "யாரு இவரு, புதுசா வந்த சாமியாரா?"ன்னு ஒரு அக்கா. "அது ஏதோ பேய் விளையாட்டுன்னு கேள்விப்பட்டேன், தம்பி, பாத்துக்கோங்க"ன்னு ஒரு பெரியவர். நிர்வாகத்துல இருக்கிற ஒருத்தர் போன் போட்டே கேட்டார்: "நம்ம பசங்க தேவாரம் பாடறவங்க. அவங்க எதுக்கு ஒரு அமெரிக்காக்காரருக்கு நினைவு நாள் எடுக்கணும்?"

அக்கறை இருக்கிறவங்கதான் கேட்பாங்க. அதனால இங்கேயே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிடுறேன்.

அந்தப் படத்துல இருக்கிறவர் பேரு கேரி கைகாக்ஸ். 1938-ல சிகாகோவில் பிறந்தவர். சின்ன வயசுலயே குடும்பத்தோட விஸ்கான்சின் மாநிலத்துல லேக் ஜெனீவாங்கிற சின்ன ஊருக்கு வந்துட்டார். படிப்பு உயர்நிலைப்பள்ளியைக்கூட முடிக்கல. ஆனா புத்தகம் படிக்கிறதுலயும், மேசை மேல பொம்மைப் படை வச்சுப் போர் விளையாட்டு ஆடறதுலயும் பெரிய ஆர்வம். 1968-ல தன் ஊர்ல இருந்த ஒரு மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து, இந்த மாதிரி விளையாட்டு ஆடறவங்களை எல்லாம் கூப்பிட்டார். சுமார் நூறு பேர் வந்தாங்க. ஜென் கான்னு பேர் வச்ச அந்தக் கூட்டம் இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம் நடக்குது, இப்ப பல பத்தாயிரம் பேர் வர்றாங்க.

காப்புறுதிக் கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டிருந்தார். 1970-ல அந்த வேலை போச்சு. வீட்டுல பிள்ளைங்க வேற நிறைய. என்ன செஞ்சார் தெரியுமா? வீட்டுக் கீழ்தளத்துல உட்கார்ந்து செருப்பு, சப்பாத்து தைச்சுக் குடும்பத்தைப் பார்த்துக்கிட்டார். பகல்ல சப்பாத்து, ராத்திரியில டைப்ரைட்டர். என் தொழிற்சாலையில ஆள் குறைச்ச காலத்துல வேலை போய், பாசார் மாலாம்ல கடை போட்டுப் பிழைச்ச நண்பர்களை எனக்குத் தெரியும். அதனால இவர் கதையை என் மகன் சொன்னப்போ, விளையாட்டைவிட முதல்ல இந்த ஆளைத்தான் எனக்குப் பிடிச்சுது.

சரி, விளையாட்டு என்ன? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேரு. தமிழ்ல சொன்னா நிலவறையும் நாகமும்னு வச்சுக்கலாம். ஒருத்தர் கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்குவாங்க: வீரன், மந்திரவாதி, திருடன், சாமியார். "உங்க முன்னாடி இருட்டா ஒரு குகை. என்ன செய்றீங்க?"ன்னு நடத்துறவர் கேட்பார். நீங்க வாயால பதில் சொல்லணும். செய்ற காரியம் பலிக்குமா பலிக்காதான்னு சந்தேகம் வந்தா பகடை உருட்டணும். நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம்னு விதவிதமான பகடை இருக்கு. வசனம் எழுதாத நாடகம்னு சொல்லலாம். ஆறு பேரும் ஒரே பக்கம், ஒருத்தரை ஒருத்தர் தோற்கடிக்கிற ஆட்டமில்ல. ஒருத்தன் விழுந்தா மத்தவன் தூக்கணும்.

கைகாக்ஸ் முதன்முதல்ல எழுதினது சுமார் 50 பக்கம். அதை ஆடிப் பார்க்க முதல்ல உட்கார்ந்தது அவர் பிள்ளைங்க ரெண்டு பேர், மகன் எர்னி, மகள் எலீஸ். அச்சுப் போட எந்தப் பெரிய கம்பெனியும் முன்வரல. அதனால 1973-ல பால்ய நண்பர் டான் கே கூடச் சேர்ந்து, ஆளுக்கு 1,000 டாலர் போட்டுச் சொந்தமாவே கம்பெனி ஆரம்பிச்சார். அந்த டான் கே தன் பங்குப் பணத்துக்குத் தன் ஆயுள் காப்புறுதியை வச்சுக் கடன் வாங்கினவர். 1974 ஜனவரியில 1,000 பெட்டி போட்டாங்க. ஒரு பெட்டி 10 டாலர். ஆள் வச்சு இல்ல, அவங்களே கையால அடுக்கி மூடினது. அந்த வருஷத்துக்குள்ளேயே எல்லாம் தீர்ந்து போச்சு. அடுத்த வருஷ ஆரம்பத்துல டான் கே மாரடைப்புல போயிட்டார். நாற்பது வயசுகூட ஆகல. தான் கடன் வாங்கிப் போட்ட விதை மரமானதை அவர் பார்க்கவே இல்ல.

கைகாக்ஸுக்கும் கடைசி வரைக்கும் சுகமா அமையல. 1985-ல கம்பெனி நிர்வாகம் அவர் கையை விட்டுப் போச்சு. அடுத்த வருஷம் தானே ஆரம்பிச்ச கம்பெனியை விட்டு வெளியே வந்துட்டார். ஆனா ஆடறதை விடல. வயசான காலத்துல லேக் ஜெனீவா வீட்டுத் தாழ்வாரத்துல உட்கார்ந்து, தேடி வர்ற ரசிகர்களோட ஆடிக்கிட்டு இருந்தார். 2008 மார்ச் 4-ம் தேதி அந்த ஊர்லயே இறந்தார். வயசு 69.

இப்ப நம்ம கேள்விக்கு வர்றேன். இறுதிச் சடங்கு முடிஞ்சதும் குடும்பத்தாரும் நண்பர்களும் அந்த ஊர்ல ஒரு மண்டபத்துல கூடினாங்க. கூடி என்ன செஞ்சாங்க? மேசை போட்டுப் பகடை உருட்டி அவர் விளையாட்டையே ஆடினாங்க. அடுத்த வருஷம், 2009-ல, அதையே ஒரு கூட்டமா நடத்தினாங்க. கேரி கான்னு பேர். இப்பவும் ஒவ்வொரு மார்ச் மாசமும் லேக் ஜெனீவாவில் நடக்குது. அவர் மகன் ஒருத்தர் முன்னின்று நடத்துறார். பழைய காலத்துப் புத்தகம், பழைய காலத்துச் சட்டம், அவரோட கூட ஆடின வயசானவங்களே கதை நடத்துவாங்க. இன்னொண்ணு, இந்த ஆட்டத்தை நடத்துறவங்களுக்கு நன்றி சொல்ற நாள்னு மார்ச் 4-ஐ 2002-லயே சிலர் கொண்டாட ஆரம்பிச்சிருந்தாங்க. அவர் போனதும் அதே தேதியிலதான்.

குருபூசைன்னா நாம என்ன செய்றோம்? நால்வர் குருபூசை அன்னிக்கு அவங்க பாடினதை நாம பாடறோம். படத்துக்கு மாலை போட்டுட்டு வாய் மூடி நிக்கிறதில்ல. அப்பர் சுவாமிகளையும் இந்த விளையாட்டுக்காரரையும் ஒரே தட்டுல வைக்கிறேன்னு யாரும் நினைச்சுக்காதீங்க, அது வேற, இது வேற. ஆனா ஒரு ஆள் போனப்புறம் அவர் செஞ்ச காரியத்தைச் செஞ்சு அவரை நினைக்கிற வழக்கம் நமக்குப் புதுசு இல்ல.

எங்க வீட்டுல நடந்தது இதுதான். மார்ச் 4-ஐ ஒட்டி வந்த சனிக்கிழமை, சாயங்காலப் பூசை முடிஞ்சு பசங்க வந்தாங்க. நடத்தினது என் மகன். எடுத்துக்கிட்டது கைகாக்ஸ் எழுதின "த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்"ங்கிற பழைய கதை. காட்டு எல்லையில ஒரு கோட்டை, தூரத்துல குகைகள், குகைக்கு ஒரு கூட்டம் விரோதிங்க. சட்டமும் பழைய சட்டம்தான். புதுப் பதிப்புல ஆட்டக்காரனுக்குத் தன் பாத்திரத்தைப் பிடிச்ச மாதிரி அமைக்க நிறைய வழி இருக்காம், சீக்கிரம் சாகவும் மாட்டானாம். பழசுல அப்படி இல்ல. மூணு பகடையை ஆறு தடவை உருட்டணும். வந்த எண் வந்தபடிதான். பலம், அறிவு, விவேகம்னு வரிசையா எழுதிக்கணும். பிறவி மாதிரி, கிடைச்சதை வச்சு வாழணும்.

ஒரு ஆள் குறைஞ்சதால என்னையும் உட்கார வச்சாங்க. எனக்குப் பலம் 7, விவேகம் 14. "அங்கிள், நீங்க சாமியார்தான்"னு முடிவு பண்ணிட்டாங்க. சரி, என்னென்ன மந்திரம் தெரியும்னு கேட்டேன். "முதல் படியில சாமியாருக்கு ஒரு மந்திரமும் கிடையாது, அங்கிள். ரெண்டாவது படியிலதான்." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முதல்ல செருப்பு ஸ்டாண்டைப் பாரு, தட்டு கழுவு, அப்புறம்தான் மத்தது. முப்பது வருஷமா ஆலயத்துல எனக்குத் தெரிஞ்ச சட்டம்தான் இது!

அந்தப் பழைய ஆட்டத்துல இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. தீப்பந்தத்தை எண்ணணும். ஒரு பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும். பத்து நிமிஷத்துக்கு ஒரு கோடு போட்டு ஆறு கோடு ஆனா பந்தம் அணைஞ்சது. கயிறு எத்தனை அடி, தண்ணி எவ்வளவு, யார் எதைச் சுமக்கிறது, எல்லாம் கணக்கு. பசங்க கத்தியை உருவிக்கிட்டு ஓடப் பார்த்தாங்க. நான் சூப்பர்வைசர் புத்தியில "வெளியேறும் வழி எது? திரும்பி வரப் பந்தம் போதுமா?"ன்னு கேட்டேன். பத்தடிக் கழியால தரையைத் தட்டிக்கிட்டே போகலாம்னு சொன்னேன். முதல் குகை வாசல்லயே மூடி வச்ச குழி! கழி இல்லன்னா முன்னாடி போன ரெண்டு பேர் உள்ளே. பசங்க கைதட்டினாங்க. தொழிற்சாலையில தினமும் காலையில சொல்றதைத்தான் சொன்னேன், அங்க யாரும் கைதட்டறதில்ல.

பழைய சட்டத்துல எதிரியைக் கொன்னா மதிப்பெண் ரொம்பக் கம்மி. புதையலை உயிரோட வெளியே கொண்டு வந்தாத்தான் நிறைய. அதனால சண்டையைத் தவிர்க்கிறவன்தான் கெட்டிக்காரன். எதிர்ல வர்ற கூட்டம் விரோதமா வருதா, பேச்சுக்கு வருதான்னு பார்க்கவும் ஒரு பகடை இருக்கு. ஒரு இடத்துல பசங்க கத்தியைக் கீழே வச்சுட்டுப் பேசியே வழி வாங்கினாங்க. திருமுறை வகுப்புல வாயே திறக்காத ஒரு தம்பி, அவன்தான் அன்னிக்குப் பேசினான். அவன் அம்மா இந்தப் பதிவைப் படிப்பாங்க. அக்கா, உங்க பையன் நல்லாப் பேசுறான்.

இப்ப அந்தப் பேய்க் கேள்வி. இந்தப் பேச்சு 1980-கள்ல அமெரிக்காவுலேயே பெருசா இருந்துச்சு. இந்த விளையாட்டு பிள்ளைங்களைப் பிசாசு பக்கம் இழுக்குது, சாகத் தூண்டுதுன்னு சில பெற்றோரும் சில கிறிஸ்தவக் குழுக்களும் சொன்னாங்க. 1985-ல "சிக்ஸ்டி மினிட்ஸ்" தொலைக்காட்சி நிகழ்ச்சியில கைகாக்ஸே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. கதையில பேய் இருக்கு, பூதம் இருக்கு, உண்மைதான். நம்ம புராணத்துல இல்லாத பூதமா? மேசையில யாரும் எதையும் கும்பிடறதில்ல, கூப்பிடறதும் இல்ல. பெரியவருக்கு இதுதான் என் பதில். சந்தேகம் இருந்தா ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்க ஐயா.

ஆனா மறைக்காம ஒண்ணு சொல்லணும். இந்தக் கம்பெனி 1980-ல போட்ட "டெயிட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்"ங்கிற புத்தகத்துல உலகத்துப் பல மதத்துத் தெய்வங்களையும் பாத்திரமா எழுதியிருக்காங்க. அதுல நம்ம இந்திரன், அக்கினி, மகாவிஷ்ணு, மகாலட்சுமி, காளி எல்லாரும் இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் இவ்வளவு உயிர்ப் புள்ளின்னு எண் போட்டிருக்காங்க. அதை எழுதினவங்க வேற ரெண்டு பேர்னாலும் கைகாக்ஸ் இருந்த காலத்துல வந்த புத்தகம்தான். எனக்கு அது பிடிக்கல. அம்பாளுக்கு எண் போட யாரால முடியும்? பசங்ககிட்ட இதைச் சொன்னேன். விவாதம் எல்லாம் வேண்டி இருக்கல. "நம்ம மேசையில நம்ம சாமி யாரும் வரமாட்டாங்க, அங்கிள்"னு அவங்களே சட்டம் போட்டுட்டாங்க. நடத்துறவருக்குப் பிடிக்காத சட்டத்தை மாத்திக்கலாம்ங்கிறது இந்த விளையாட்டுல ஆரம்பத்துல இருந்தே இருக்கிற வழக்கம். அதனால அந்தப் புத்தகம் எங்க மேசைக்கு வரல, வரவும் வராது.

இனிமேதான் நான் இந்தப் பதிவு எழுதின காரணம் வருது.

ஆட்டம் முடிஞ்சு நாசி லெமாக் சாப்பிடும்போது ஒரு தம்பி கேட்டான், "இதைக் கண்டுபிடிச்சவர் இவர் ஒருத்தர்தானா?"ன்னு. என் மகன் இல்லைன்னான். டேவ் ஆர்னசன்னு இன்னொருத்தர் இருந்தார். மின்னசோட்டாவைச் சேர்ந்தவர், 1947-ல பிறந்தவர். படையை நகர்த்தாம ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரம் எடுத்துக்கிறது, நிலவறைக்குள்ள இறங்குறது, அனுபவம் சேர்த்துப் படி ஏறுறது, இதெல்லாம் அவர் பிளாக்மூர்னு ஒரு கற்பனை நாட்டை வச்சு நண்பர்களோட ஆடிக்கிட்டிருந்தது. 1972 கடைசியில லேக் ஜெனீவாவுக்கு வந்து கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸுக்கு ஆர்வம் பத்திக்கிச்சு. "உன் சட்டத்தை எழுதி அனுப்பு"ன்னார். வந்தது சில பக்கக் குறிப்புதான். மீதி எல்லாம் ஆர்னசன் தலைக்குள்ள இருந்துச்சு. கைகாக்ஸ் உட்கார்ந்து அதை வளர்த்து, புத்தகமா எழுதினார்.

1974-ல வந்த முதல் பெட்டியில ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு. பிறகு வந்த புத்தகங்கள்ல ஆர்னசன் பேரும் பங்கும் தகராறாகி, 1979-ல நீதிமன்றம் போய், 1981-லதான் சமரசம் ஆச்சு. 2009 ஏப்ரல் 7-ம் தேதி அவரும் இறந்துட்டார். 61 வயசு.

இதைக் கேட்டுட்டு அந்தத் தம்பி சொன்னான்: "அப்ப அடுத்த தடவை அவர் படத்தையும் வைக்கணும். ஆரம்பிச்சவர் ஒருத்தர், எழுதினவர் ஒருத்தர். எழுதினவர் பேர்தான் நிக்குது." கொஞ்ச நேரம் யாரும் பேசல. பிறகு அவனே, "அங்கிள், நம்ம சமையல் மாமாவுக்கு எழுதினவங்க யாரு?"ன்னு கேட்டான்.

பழைய அன்பர்களுக்கு யாரைச் சொல்றான்னு தெரியும். நம்ம ஆலயத்துல முப்பது வருஷத்துக்கு மேல வெள்ளிக்கிழமை அன்னதானம் சமைச்ச அண்ணன். வாரம் பூரா லாரி ஓட்டி, வெள்ளிக்கிழமை மத்தியானமே லீவு போட்டுட்டு வந்து அடுப்பு மூட்டுவார். அவர் சாம்பாருக்காகவே பக்கத்துத் தாமான்ல இருந்து ஆள் வரும். 2021-ல நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்துல தொற்று வந்து போயிட்டார். விரல் விட்டு எண்ற ஆளுங்கதான் சடங்குக்குப் போக முடிஞ்சுது. வாசல்ல இருக்கிற கல்வெட்டுல நன்கொடை கொடுத்தவங்க பேர் எல்லாம் இருக்கு, இருக்க வேண்டியதுதான். அடுப்படியில நின்னவங்க பேர் போட அந்தக் கல்லுல இடம் இல்ல. யார் மேலயும் குத்தம் சொல்லல, எந்த ஆலயத்துலயும் இப்படித்தான்.

பசங்க ஒரு முடிவு பண்ணினாங்க. அண்ணனோட நினைவு நாளுக்கு அவர் சாம்பாரையே வச்சு அன்னதானம் போடணும். ஒத்திகை பார்க்க ரெண்டு வெள்ளிக்கிழமை முன்னாடி இருநூறு பேருக்குச் சமைச்சாங்க. அன்னிக்கு யார் சமையல்னு கேட்டீங்களே, இவங்கதான். எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அண்ணி ஒரு வாய் சாப்பிட்டுட்டு இலையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "நல்லாத்தான்பா இருக்கு. அவர் வைக்கிற மாதிரி வரல"ன்னாங்க.

எங்க தொழிற்சாலையில ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் வேலை முறையை எழுதி ஒட்டியிருப்போம். அது இல்லன்னா, பழைய ஆபரேட்டர் வேலையை விட்டுப் போற அன்னிக்கு மெஷினும் பாதி செத்துடும். அண்ணன் எதையும் எழுதி வச்சதில்ல. கைதான் அளவு. பெரிய அண்டாவுக்கு எத்தனை பிடி மல்லி, எத்தனை கிலோ பருப்பு, எல்லாம் அவர் கையோட போச்சு. கூட நின்னு காய் வெட்டினவங்க தலையில மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. அவங்களுக்கும் வயசாகுது.

அதனால பசங்க ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கியிருக்காங்க. முதல் பக்கத்துல அண்ணன் பேர். அடுத்த பக்கத்துல காய் வெட்டினவங்க, தேங்காய் துருவினவங்க, அண்டா கழுவினவங்கன்னு ஞாபகம் வர்ற எல்லார் பேரும். அதுக்கப்புறம் அளவு. இதுவரைக்கும் 43 பேர் பேர் சேர்ந்திருக்கு. அளவுதான் இன்னும் சரியா வரல.

ஏப்ரல் 7-ஐ ஒட்டி வர்ற சனிக்கிழமை ஆர்னசனுக்காக எங்க வீட்டுல மறுபடி ஆட்டம் உண்டு. பெரியவர்களும் வரலாம், பிள்ளைகளையும் அனுப்பலாம். எட்டு மணிக்கு ஆரம்பிச்சு பதினொண்ணுக்கு முடிச்சிடுவோம், வீடு வரைக்கும் நானே கொண்டு போய் விடுவேன்.

அதைவிட முக்கியம், அண்ணனோட அடுப்படியில நின்ன அக்காமார், அண்ணன்மார் யார் இதைப் படிச்சாலும் எனக்குப் புலனத்துல குரல் பதிவு அனுப்புங்க. எழுத வேண்டாம், பேசினாப் போதும், பசங்க எழுதிக்குவாங்க. இப்போதைக்கு ரெண்டு விஷயத்துல தகராறு. வறுத்த வெந்தயப் பொடியை இறக்கும்போது போடுவார்னு அண்ணி சொல்றாங்க, இல்ல தாளிப்புலயேன்னு இன்னொரு அக்கா சத்தியம் பண்றாங்க. அப்புறம் புளி. பருப்பு சேர்க்கிறதுக்கு முன்னாடி ஊத்துவாரா, பின்னாடி ஊத்துவாரா? தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

திருச்சிற்றம்பலம்.